கேம் ஓடுறது உங்க சர்வர்ல. என் லேப்டாப்ல என்ன இருந்தா உங்களுக்கென்ன?

கேம் பத்தி ஒரு டாக்டர் எதுக்கு இழை போடுறார்னு யோசிக்கிறவங்களுக்கு: இதுல டயாலிசிஸ் இருக்கு, நரம்பு இருக்கு, அரசு கொடுத்த பழைய லேப்டாப் இருக்கு, லினக்ஸும் இருக்கு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

என் அக்கா பையனுக்கு வயசு 19. ரெண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. வாரம் மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல ஓடுது. (அவன்கிட்ட கேட்டுட்டுத் தான் எழுதுறேன். "எழுதுங்க மாமா, பேர் மட்டும் வேணாம்"னான்.)

டயாலிசிஸ்னாலே எல்லாரும் வலியைத் தான் கேப்பாங்க. வலி இருக்கு, ஊசி குத்தும்போது. அப்புறம் மீதி நேரம் முழுக்க சலிப்பு.

இடது கையில ஃபிஸ்டுலா. அதுல ரெண்டு ஊசி. ஒண்ணு வழியா ரத்தம் மெஷினுக்குப் போகும், இன்னொண்ணு வழியா திரும்ப வரும். அந்தக் கையை மடக்கக் கூடாது, ஆட்டக் கூடாது. மெஷின் கத்த ஆரம்பிச்சிடும். ஆக நாலு மணி நேரமும் அவனுக்கு இருக்கிறது ஒரே ஒரு கை.

கணக்குப் போட்டுப் பாருங்க. வாரம் 12 மணி நேரம். வருஷம் 624 மணி நேரம். அதாவது முழுசா 26 நாள், ராத்திரி பகலா, விட்டத்தைப் பாத்துட்டுப் படுத்திருக்கணும்.

"மொபைல் இருக்கே"ன்னு சொல்லாதீங்க. ரீல்ஸ் ஒரு மணி நேரத்துல அலுத்துடும். அவன் கேட்டது வேற.

"மாமா, எனக்கு சிவிலைசேஷன் 6 விளையாடணும்."

நோய் வர்றதுக்கு முன்னாடி ஃப்ரெண்டு வீட்ல விளையாடியிருக்கான். ஒரு ஊர்ல ஆரம்பிச்சு, விவசாயம், எழுத்து, கப்பல்னு கண்டுபிடிச்சு, விண்வெளி வரைக்கும் ஒரு நாகரிகத்தைக் கொண்டு போற கேம்.

யோசிச்சுப் பாத்தா டயாலிசிஸ் பெட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. மவுஸ் மட்டும் போதும், ஒரு கையே தாராளம். தாயம், சதுரங்கம் மாதிரி முறை வெச்சு ஆடுறது, அதனால வேகம் தேவையில்ல. நடுவுல பிபி இறங்கி தலை சுத்தினா அப்படியே வெச்சுட்டுக் கண்ணை மூடிக்கலாம். யாரும் வந்து சுட மாட்டாங்க.

பிரச்சினை லேப்டாப். அவனோட அக்காவுக்கு பன்னிரண்டாம் வகுப்புல அரசு கொடுத்தது. 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ்ல ஆன் பண்ணிட்டு சாப்பிட்டுட்டே வந்துடலாம்ங்கற நிலைமையில இருந்துச்சு. நான் தான் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். அதுக்கப்புறம் நல்லா ஓடுது: படம், பாடம், மெயில், வீடியோ கால் எல்லாம். ஆனா சிவிலைசேஷன் 6? லினக்ஸுக்குன்னே 2017-ல வந்திருக்கு, இருந்தும் இந்த மெஷின் தாங்காது.

சரி, இங்க தான் க்ளவுட் கேமிங் வருது. தெரியாதவங்களுக்காக.

கேம் உங்க லேப்டாப்ல ஓடாது. எங்கேயோ ஒரு டேட்டா சென்டர்ல இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்ல ஓடும். அது தன் திரையை வீடியோவா சுருக்கி உங்களுக்கு அனுப்பும். நீங்க மவுஸ் அசைச்சா அந்த அசைவு மட்டும் அங்க போகும். அவ்வளவு தான். உங்க பக்கம் நடக்கிறது கிட்டத்தட்ட ஒரு வீடியோ கால்.

அதாவது வீடியோ கால் பேசத் தெரிஞ்ச லேப்டாப், பெரிய கேமையும் காட்டும். பழைய மெஷின் வெச்சிருக்கிறவங்களுக்கு இதை விட நல்ல செய்தி இருக்க முடியாது.

ஒரு சேவையில மாதச் சந்தா கட்டினேன். பேர் வேணாம். லாகின் பண்ணினோம். திரையில வந்தது: உங்கள் இயங்குதளம் ஆதரிக்கப்படவில்லை.

பையன் என் மூஞ்சியைப் பாக்குறான். நான் லேப்டாப் மூஞ்சியைப் பாக்குறேன்.

ப்ரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் போகும்போது "நான் இன்னார், இந்த இயங்குதளத்துல இருந்து வர்றேன்"னு ஒரு அறிமுக வரி சொல்லும். அந்த வரியை மட்டும் "நான் விண்டோஸ்"னு மாத்தினேன். வேற எதையும் தொடல. அதே லேப்டாப், அதே லினக்ஸ், அதே நெட்.

கேம் ஓடுச்சு. மூணு வாரம் அருமையா ஓடுச்சு. பையன் தஞ்சாவூர்னு ஒரு நகரத்துக்குப் பேர் வெச்சு, பெரிய கோயில் கட்ட இடம் தேடிட்டு இருந்தான். அப்புறம் அவங்க ஏதோ அப்டேட் விட்டாங்க. அந்த வழியும் அடைஞ்சு போச்சு. உதவி மையத்துக்கு எழுதினா, விண்டோஸ் நிறுவிக்கச் சொல்லிப் பதில். பணமும் திரும்ப வரல.

இந்த மூணு வாரம் தான் எனக்கு முக்கியமான ஆதாரம். அந்த லேப்டாப்பால முடியாதுன்னா மூணு நாள் கூட ஓடியிருக்கக் கூடாது. முடிஞ்சது. பேர் மாத்திச் சொன்னதும் முடிஞ்சது.

ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி குரூப் பாக்குறது அவசியம். பொருந்தலேன்னா உயிரே போயிடும். ஆனா "நீங்க எந்த ஊரு?"ன்னு கேட்டு, பிடிக்காத ஊர்னா ரத்தம் இல்லைன்னு சொல்றது மருத்துவம் இல்ல. அது வாசல்ல நிக்கிறவரோட முடிவு.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, உள்ளே சமையல் பண்றவரே பல இடத்துல லினக்ஸ் தான்.

கூகுளோட ஸ்டேடியாவை எடுத்துக்கோங்க. 2019 நவம்பர் 19-ல 14 நாடுகள்ல ஆரம்பிச்சாங்க (இந்தியா அந்தப் பட்டியல்ல இல்ல). அதோட சர்வர் எல்லாமே டெபியன் லினக்ஸ். படம் வரையுறதுக்கு வல்கன். ஸ்டேடியாவுல வரணும்னா கேம் கம்பெனிகள் தங்க கேமை லினக்ஸுக்கு மாத்தி எழுதணும். எழுதினாங்க. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, சைபர்பங்க் 2077, டெஸ்டினி 2 எல்லாம் அப்படி லினக்ஸ்ல ஓடின கேம்கள் தான்.

ஆனா அந்த லினக்ஸ் வடிவங்கள் கூகுள் டேட்டா சென்டரைத் தாண்டி நம்ம வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரவே இல்ல. 2023 ஜனவரி 18-ல ஸ்டேடியாவை மூடினப்போ அதுவும் கூடவே போயிடுச்சு.

டெஸ்டினி 2 கதை இன்னும் தமாஷ். ஸ்டேடியாவுல லினக்ஸ் சர்வர்ல ஓடின அதே கேமை, நீங்க உங்க லினக்ஸ் மெஷின்ல குறுக்கு வழியில ஓட்டினா கணக்கையே தடை பண்ணுவோம்னு 2022-ல ஸ்டீம் டெக் வந்த நேரத்துல அந்தக் கம்பெனி சொல்லிடுச்சு. ஏமாத்து வேலையைத் தடுக்கத் தான்னு அவங்க காரணம். அந்தக் காரணத்தை நான் தள்ளிவிட மாட்டேன். வீட்டு மெஷின்ல விளையாடுறவர் கேமையே நோண்ட முடியும். ஆனா க்ளவுட்ல கேம் உங்க கையிலேயே இல்லையே? உங்களுக்கு வர்றது வெறும் வீடியோ. வீடியோவை வெச்சுட்டு என்னத்த நோண்டுறது?

ஸ்டேடியாவைப் பத்தி ஒண்ணு நியாயமா சொல்லணும். லினக்ஸ்ல க்ரோம் ப்ரவுசர் இருந்தா எந்தக் கேள்வியும் இல்லாம ஓடுச்சு. மூடும்போது, அவங்க கடையில வாங்கின கேம், கன்ட்ரோலருக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. கன்ட்ரோலரை ப்ளூடூத்ல வேற மெஷினோட இணைக்கவும் வழி பண்ணிட்டுப் போனாங்க. கடையை மூடினாலும் மரியாதையா மூடினாங்க.

மைக்ரோசாஃப்ட் கதை இதுக்கு நேர் மாறான ஆச்சரியம். விண்டோஸ் முதலாளியே அவங்க தான். ஆனா அவங்களோட எக்ஸ்பாக்ஸ் க்ளவுட் கேமிங் ப்ரவுசர்ல ஓடும், லினக்ஸ்லயும் ஓடும். 2022 மார்ச்ல, லினக்ஸ்ல ஓடுற ஸ்டீம் டெக்ல எட்ஜ் ப்ரவுசரைப் போட்டு எப்படி விளையாடுறதுன்னு அவங்களே வழிமுறை வெளியிட்டாங்க. சோனியோ, பிளேஸ்டேஷன் சேவைக்கு கம்ப்யூட்டர் ஆப் கொடுத்தது விண்டோஸுக்கு மட்டும்.

என்விடியாவோட ஜிஃபோர்ஸ் நவ் 2020 பிப்ரவரியில பொதுமக்களுக்கு வந்துச்சு. லினக்ஸ்காரங்களுக்கு ரொம்ப நாள் ப்ரவுசர் தான் கதி. 2025 மே மாசம் ஸ்டீம் டெக்குக்குத் தனி ஆப் வந்துச்சு. 2026 ஜனவரியில தான் சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டருக்கும் ஆப் அறிவிச்சாங்க, முதல்ல உபுண்டு 24.04-க்கு. ஆக, முடியும். மனசு வர்றதுக்குத் தான் ஆறு வருஷம்.

இப்போ கம்பெனிகள் பக்கம். அவங்க சொல்றதுலயும் விஷயம் இருக்கு.

வர்ற வீடியோவை விரிச்சுக் காட்டுற வேலையை கிராஃபிக்ஸ் சிப் செய்யணும். ப்ராசசர் தலையில விழுந்தா படம் திக்கும், ஃபேன் கத்தும், பேட்டரி படுத்துடும். லினக்ஸ் ப்ரவுசர்கள்ல இந்த வசதி ரொம்ப வருஷம் அரைகுறையா தான் இருந்துச்சு. அது போதாதுன்னு காப்புரிமை பயத்துல ஃபெடோரா மாதிரி லினக்ஸ் 2022-ல எச்.264, எச்.265 வீடியோக்களுக்கான அந்த வசதியையே எடுத்துட்டாங்க. பயனர் கண்ணுக்குத் தெரியுறது "கேம் திக்குது" மட்டும் தான். திட்டு விழறது கம்பெனிக்கு.

அப்புறம் எண்ணிக்கை. ஸ்டீம் கணக்கெடுப்புல லினக்ஸ் 3 சதவீதத்தைத் தாண்டினதே 2025 அக்டோபர்ல தான். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்ச அதே மாசம், கவனிச்சுக்கோங்க. நூத்துக்கு மூணு பேருக்காக உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச்னு எல்லாத்துலயும் சோதிக்க ஆள் வெக்கணுமான்னு ஒரு முதலாளி கேட்டா, கேள்வி நியாயம் தான்.

ஆனா சோதிக்கலேன்னா சோதிக்கலேன்னு சொல்லுங்க. கதவை எதுக்குப் பூட்டணும்?

எங்க தொழில்ல இதுக்கு ஒரு நடைமுறை இருக்கு. அமிட்ரிப்டிலின்னு ஒரு மருந்து. மனச்சோர்வுக்குன்னு வந்தது. இன்னைக்கு நரம்பு வலிக்கும், ஒற்றைத் தலைவலி வராம தடுக்கவும் தினமும் எழுதுறோம். அட்டையில அப்படிப் போட்டிருக்காதுன்னாலும் மருந்துக் கடைக்காரர் மறிச்சு நிக்கிறதில்ல. பொறுப்பு எழுதுற டாக்டருக்கு. அதே மாதிரி "லினக்ஸ்ல நாங்க சோதிக்கல, ஓடினா ஓடும், உங்க பொறுப்பு"ன்னு ஒரு வரி போட்டுட்டு உள்ளே விட்டா, அக்கா பையனுக்கு அது போதும். எனக்கும் போதும்.

சரி, அப்புறம் என்ன பண்ணினோம்?

என் வீட்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு. அதுவும் லினக்ஸ். கேம் அதுல ஓடட்டும், படம் மட்டும் டயாலிசிஸ் பெட்டுக்குப் போகட்டும்னு முடிவு பண்ணினேன். சொந்தமா ஒரு சின்ன க்ளவுட்.

இதுக்கு ரெண்டு மென்பொருள். வீட்டு மெஷின்ல சன்ஷைன். லேப்டாப்ல மூன்லைட். சூரியன் ஒளி கொடுக்கும், நிலா வாங்கிக் காட்டும். பேர் வெச்சவருக்கு ஒரு கும்பிடு. ரெண்டுமே இலவசம், திறந்த மூலம், லினக்ஸ்ல ஓடும். மூன்லைட் அமெரிக்காவுல கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மாணவர்கள் 2013 வாக்குல ஆரம்பிச்சது. என்விடியா தன் கார்டுகளுக்காக வெச்சிருந்த ஒளிபரப்பு முறையை அவங்க தாங்களே புரிஞ்சுக்கிட்டு எழுதினாங்க. பின்னாடி என்விடியா அந்த முறையையே கைவிட ஆரம்பிச்சது. மூன்லைட் இன்னும் ஓடிட்டு இருக்கு.

வீட்டுக்குள்ள வைஃபைல அஞ்சு நிமிஷ வேலை. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக் கம்ப்யூட்டரைப் பிடிக்கிறது தான் பெரும்பாடு.

காரணம், நம்ம ஊர் நெட் கம்பெனிகள் பலதும் நிறைய வீட்டுக்குச் சேத்து ஒரே முகவரி கொடுக்கிறாங்க. பெரிய அபார்ட்மென்ட்டுக்கு ஒரே கதவு எண் போட்ட மாதிரி. உள்ளே இருந்து வெளியே போகலாம். வெளியே இருந்து வர்றவருக்கு எந்த வீடுன்னு தெரியாது. வாசல்லயே நின்னுடுவார்.

டெயில்ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு மெஷின்லயும் போட்டா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு தனி வழி போட்டுக் கொடுக்கும். தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசம். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போச்சு, ஆனா வேலை முடிஞ்சுது.

"தாமதம் இருக்காதா டாக்டர்?" இருக்கும். உங்க உடம்புலயும் இருக்கு!

கண்ணுல ஒண்ணு பட்டு, மூளைக்குப் போய், முடிவெடுத்து, விரல் அசையறதுக்கு சுமார் 200 முதல் 250 மில்லி செகண்ட் ஆகும். முழங்கால்ல தட்டினா கால் உதைக்குதே, அது மட்டும் ரொம்ப வேகம். ஏன்னா அது மூளை வரைக்கும் போறதில்ல, தண்டுவடத்தோட திரும்பிடும். கம்பெனிகள் அங்கங்க பக்கத்துல சர்வர் வெக்கிறதும் இதே தத்துவம் தான். ஒளியிழையில ஆயிரம் கிலோமீட்டர் போய் வர 10 மில்லி செகண்ட் தான். ஆனா படத்தைச் சுருக்க, விரிக்க, மொபைல் டவர் வழியா வரன்னு ஒவ்வொண்ணும் கொஞ்சம் சேரும். துப்பாக்கி கேம்ல அது உயிர் போற விஷயம். சிவிலைசேஷன்ல தஞ்சாவூர் ராஜா கால் செகண்ட் லேட்டா படை அனுப்பினா ஒண்ணும் கெட்டுடாது.

டேட்டா தான் முழுங்கும். 10 எம்பிபிஎஸ் வேகம்னா (நான் படிச்சது இல்ல, நெட் வேகம்) ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி. ஒரு டயாலிசிஸுக்கு 18 ஜிபி. தினம் 2 ஜிபி பேக் போட்டிருந்தா அரை மணி நேரத்துக்குள்ள காலி. அன்லிமிடெட் 5ஜி இருந்ததால தப்பிச்சோம். ஜன்னல் ஓர பெட் கிடைச்சா 5ஜி வரும். உள் வரிசை பெட்னா 4ஜி. அப்போ 5 எம்பிபிஎஸ்க்குக் குறைச்சுக்குவான். படம் கொஞ்சம் மங்கும், ஆட்டம் நிக்காது.

வீட்டு மெஷின் சுமார் 200 வாட் இழுக்குது. வாரம் 12 மணி நேரம்னா ரெண்டு மாச பில்லுக்கு 20 யூனிட் சொச்சம். ஓபிக்குக் கிளம்பும்போது நான் ஆன் பண்ணிட்டுப் போயிடுவேன். கரண்ட் போனா ஆட்டம் போச்சு. வந்ததும் தானா ஆன் ஆகுற மாதிரி செட் பண்ணியாச்சு. கேம் தானாவே சேமிச்சுக்கும். அந்த சேமிப்பு இருக்கிறது என் வீட்டு டிஸ்க்ல. யார் அப்டேட் விட்டாலும் தஞ்சாவூர் அழியாது.

அப்புறம் சிஸ்டர். மெஷின் மாட்டுற ப்ளக் பாயின்ட் பக்கம் லேப்டாப் சார்ஜர் வரவே கூடாதுன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. சரியான உத்தரவு. புது பேட்டரி வாங்கிப் போட்டோம்.

பக்கத்து பெட்ல ஒரு அண்ணன், ஆட்டோ ஓட்டுறவர். முதல்ல எட்டிப் பாத்துட்டு இருந்தார். இப்போ வந்ததும் முதல் கேள்வியே "தம்பி, அந்தத் துறைமுகத்தைப் பிடிச்சிட்டியா?" தான். போன வாரம் அவர் யோசனைப்படி தான் கப்பல்படை கட்டியிருக்கான். நாலு மணி நேரம் முடிஞ்சு ஊசி எடுக்க வந்தா, ரெண்டு பேரும் "அஞ்சு நிமிஷம் சிஸ்டர்"ங்கறாங்களாம். டயாலிசிஸ் யூனிட்ல இப்படி ஒரு வாக்கியத்தை நான் இதுக்கு முன்னாடி கேட்டதில்ல.

இதுல ஒரு உறுத்தல் இருக்கு. இந்த வழி அவனுக்குக் கிடைச்சது மாமா வீட்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்ததால. மாமாவுக்கு லினக்ஸ் கிறுக்கு இருந்ததால. ஆட்டோ அண்ணன் வீட்லயும் மகளுக்குக் கிடைச்ச அதே மாதிரி அரசு லேப்டாப் தான். அவருக்கு வீட்ல கம்ப்யூட்டர் வாங்கி வெச்சு ஒளிபரப்பு பண்ண வழியில்ல. அவருக்கு உண்மையாவே தேவைப்படுறது மாசம் கொஞ்சம் பணம் கட்டுற அந்த க்ளவுட் சேவை. வாங்க வசதியில்லாதவங்களுக்காகவே பிறந்த மாதிரி ஒரு தொழில்நுட்பம், பழைய லேப்டாப்பைப் பாத்ததும் கதவைச் சாத்துது.

லேப்டாப் பழசா இருந்து லினக்ஸ் போட்டிருந்தீங்கன்னா, எந்தச் சேவையிலயும் முழு மாசம் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இலவசமா ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ப்ரவுசர்ல ஓடுதான்னு பாருங்க. லேப்டாப்ல சிப் வழியா வீடியோ விரியுதான்னு பாருங்க, எச்.264 மட்டும் தெரிஞ்ச சிப்பா இருந்தாலும் போதும். வீட்ல யார்கிட்டயாவது நல்ல கம்ப்யூட்டர் இருந்தா சன்ஷைன், மூன்லைட் தான் என் முதல் சிபாரிசு.

கேள்வி இருந்தா கேளுங்க. கிட்னி பத்தியும் கேக்கலாம், கேம் பத்தியும் கேக்கலாம். நாளைக்கு நைட் டூட்டி, பதில் கொஞ்சம் லேட்டாகும்.